பொனற்றைத் தொட்டுப் பாருங்கோ

பழைய டீசல் பிக்கப் பார்க்கப் போகிறவன் வாயைத் திறக்க முதல் கையை நீட்ட வேண்டும். விற்கிறவருக்குக் கை குடுக்க இல்லை, எஞ்சினை மூடுகிற பொனற்றிலே வைத்துப் பார்க்க.

பழைய வாகனத்தைக் காசு குடுத்து வேண்டி, பாதி வழியிலே இறங்கி நின்று தள்ளின என்ரை சனமே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தள்ளாதவைக்கு இது விளங்காது. நான் இணுவில் மணியம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. லொறியிலே புகையிலையும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடினவன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஓட்டம் குறைந்து, பிறகு நின்றே போனது. வீட்டிலே சும்மா இருந்தவனைச் சனம் "மணியண்ணை, ஒரு வாகனம் பாத்திருக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினது. அதுவே தொழிலாய்ப் போயிற்று.

தொண்ணூறிலே சண்டையும் தடையும் வந்த பிறகு எங்கள் வடக்குக் குடாநாட்டுக்கு டீசல் வராது, வாகனமெல்லாம் மண்ணெண்ணெயிலேதான் ஓடினது. புது வாகனம் வராது. ஒரு புது நட்டுக்கூட வராது. இருக்கிற பழசுகளைத்தான் ஆள் மாறி ஆள் வேண்டிக்கொண்டோம். அந்தக் காலத்திலே எங்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு வேதம்தான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணிப் பார். பச்சைக் குளிரிலே எழும்புகிற எஞ்சின் நல்ல எஞ்சின். அதனாலேதான் முதலிலே கையைப் பொனற்றிலே வைக்கிறது. சூடாய் இருந்தால் விற்கிறவர் நாங்கள் வர முதலே ஓட்டி எழுப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு ஆளை ஏத்த

பண்டத்தரிப்பிலிருந்து கதிரவேலர் சைக்கிளிலே என்னைத் தேடி வந்தார். வெங்காயத் தோட்டக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. மச்சம் மாமிசம் வாசலுக்கும் வராத வீடு. "மணியம், எனக்கொரு டீசல் பிக்கப் வேணும்" என்றார். "எத்தினை மூட்டை ஏத்துறதுக்கு அண்ணை?" என்று கேட்டேன். தோட்டக்காரரிடம் வேறு என்ன கேட்கிறது? மனுசன் சைக்கிளை வேலியோடு சாத்திப்போட்டு வந்து திண்ணையிலே இருந்தார்.

அவருக்கு ஒரே மகள், பவளம். மருமகன் சுவிசிலே. பவளத்துக்கு முதற்பிள்ளை வலி வந்தபோது ஊரிலே இருந்த ஒரேயொரு வாடகைக் கார் கிடைக்கவில்லை. சைக்கிள் கரியரிலே கொஞ்சத் தூரம், பிறகு மாட்டு வண்டி. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் தப்பினாள், பிள்ளை தப்பவில்லை. புருசன் ஊருக்கு வந்து நின்றுவிட்டுப் போனதிலே இப்போது திரும்பவும் வயிற்றிலே ஆறு மாதம். இந்த முறை வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும், முதல் வலிக்கே கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். முன்கூட்டியே போய்ப் படுக்கலாம் என்றால் கட்டில் இல்லை. இடம்பெயர்ந்த சனம் விறாந்தை நிலத்திலேயும் படுத்திருந்த காலம்.

இத்தனையையும் மெல்லமாய்ச் சொல்லிப்போட்டுக் கதிரவேலர் கடைசியாய்ச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தனை வருச வாகன வாழ்க்கையிலே அப்படி ஒரு வாகனம் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. "மூட்டை ஏத்த இல்லை மணியம். ஒரே ஒரு ஆளை ஏத்த வேணும். ஒரே ஒருக்கா ஓட வேணும். ஆனால் அண்டைக்கு அது வழியிலை நிக்கக்கூடாது."

பூனை சாட்சி

முதலிலே சுன்னாகத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். மாமர நிழலிலே யப்பான் பிக்கப் ஒன்று, நீல நிறம், துடைத்து மினுக்கி நின்றது. கையை வைத்தேன். குளிர்ச்சியோ குளிர்ச்சி, பானைத் தண்ணிக் குளிர்ச்சி. கதிரவேலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விற்கிறவர் சாவியை நீட்டி, "போன கிழமைக்குப் பிறகு தொடேல்லை அண்ணை, நீங்களே போடுங்கோ" என்றார்.

ஆனால் கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாய் இருந்தது. மழையில்லாத மாதம். சாவியை வேண்டாமல் குனிந்து கீழே பார்த்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே, ஒயில் சட்டிச் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வெள்ளைப் பூனை கண்ணை மூடிச் சுகமாய்ப் படுத்திருந்தது. அடுப்படிச் சூட்டுக்குத்தானே பூனை அப்படிப் படுக்கும். நாங்கள் வர முதல் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, பிறகு ஈரச் சாக்கைப் போட்டுப் பொனற்றை மட்டும் குளிர வைத்திருக்கிறார் மனுசன். சாக்கு வேலியிலே காயப் போட்டிருந்தது. பூனையைக் கையாலே காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உந்தப் பூனை எங்கடை இல்லை அண்ணை, பக்கத்து வீட்டுது."

புகை

பச்சைக் குளிரிலே எழும்பின பிறகு பார்க்க வேண்டியது புகை. கறுப்பு என்றால் எண்ணெய் எரிகிறது சரியில்லை. நீலம் என்றால் ஒயிலைக் குடிக்கிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் அதற்கும் ஒரு வருத்தம் இருக்கும். கோப்பாயிலே ஒருவர் எஞ்சினை முடுக்கினார். சத்தம் கேட்கிறது, புகையைக் காணவில்லை. நானும் கதிரவேலரும் அதிசயப்பட்டு நின்றோம். மண்ணெண்ணெயிலே ஓடுகிற டீசல் வாகனம் புகைக்காமல் இருக்கிறதோ! சுற்றிப் பின்னாலே போனேன். பிக்கப்பை ரிவேர்சிலே கொண்டுபோய்ப் புகைக்குழாயைத் தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளே சொருகி விட்டிருக்கிறார். அடுத்த வீட்டு வளவுக்குள்ளே இருந்து ஒரு கிழவரின் குரல் இருமி இருமி வந்தது: "ஆர் அது, மாட்டுக்குப் புகை போடுறது? போதுமடா, மாடு படுத்திட்டுது!"

ஆடின மூடி

இதை எல்லாரும் செய்து பார்க்கலாம், படிப்பு வேண்டாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் விடுகிற மூடியைக் கழற்றி, கவிழ்த்து, அந்த ஓட்டைக்கு மேலேயே சும்மா வையுங்கோ. மூடி அசையாமல் இருந்தால் எஞ்சினுக்கு உள்ளே சுகம். மூடி துள்ளினால் உள்ளே தேய்ந்துபோய்க் காற்று மேலே அடிக்கிறது. கொக்குவிலிலே ஒரு பிக்கப்பிலே நான் வைத்த மூடி முதலிலே நடுங்கினது, பிறகு ஆடினது, பிறகு சுழன்று சுழன்று விழுந்து மண்ணிலே உருண்டு போனது. கோயில் காவடிகூட அப்படி ஆடிப் பார்த்ததில்லை.

அதைவிட அதிசயம் அந்த வாகனத்தின்ரை மணம். வெறும் மண்ணெண்ணெய் டீசல் பம்புக்கு வறட்சி. டீசலிலே இருக்கிற வழுவழுப்பு அதிலே இல்லை. அதனாலே ஆளுக்கு ஆள் அதிலே ஏதாவது கலப்பார்கள். இந்த வீட்டுக்காரர் கலந்தது நல்லெண்ணெய். எஞ்சின் ஓட ஓட வளவு முழுக்கத் தோசைக்கடை மணம். இரண்டு நாய்கள் புகைக்குழாய்க்குப் பின்னாலே வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. அவரின்ரை மனுசி அடுப்படி வாசலிலே வந்து நின்று எங்களைப் பார்த்துச் சொன்னா: "கொண்டு போங்கோ அண்ணை, புண்ணியமாய்ப் போகும். இந்த வீட்டிலை தோசைக்கல்லு நல்லெண்ணெயைக் கண்டு ஆறு மாசம், உது ஊர் முழுக்கக் குடிச்சுக்கொண்டு திரியுது."

கடலும் ஓடின எஞ்சின்

பவளத்துக்கு ஏழு மாதம் முடிகிற நேரம் வல்வெட்டித்துறைக்குப் போனோம். விற்கிறவர் வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி. ஆள் ஒளிவு மறைவு இல்லாதவர் போலே கதைத்தார். "அண்ணை, உந்த எஞ்சின் ரெண்டு வருசம் வள்ளத்திலை கடல் ஓடினது. பேந்து கழட்டி இதிலை பூட்டினனாங்கள். கடலிலை நிண்டால் ஆர் தள்ளுறது? அதாலை நிக்காத எஞ்சினாய்த்தான் பாத்து வைச்சிருந்தனாங்கள்" என்றார். போட்டுக் காட்டினார். என்ரை சனமே, அப்படி ஒரு எஞ்சினை நான் பிறகு காணவில்லை. பச்சைக் குளிரிலே தொட்ட உடனே எழும்பினது. மூடியை வைத்தேன், பூசை அறைப் பிள்ளையார் போலே அசையாமல் இருந்தது. கதிரவேலர் கையைக் கூப்பிவிட்டார்.

நான் நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். வாகனத்தைத் தாங்குகிற அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு மணி போலே சொல்லும், கறள் பிடித்த இரும்பு வாய் திறக்காது. இது வாய் திறக்கவில்லை. இரண்டாம் தட்டுக்குச் சாவி உள்ளே போய்விட்டது. உப்புத் தண்ணியும் மீன் தண்ணியும் ஊறி ஊறி, இரும்பு அப்பளம் போலே பொரிந்து என் முகத்திலே கொட்டினது. இடையிலே ஓட்டையாய்ப் போன இடங்களிலே வள்ளத்துக்குப் பூசுகிற பைபரைப் பூசிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். வேலையின்ரை நேர்த்தியைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் எழும்பாமலே கிடந்தேன். "தம்பி, இதிலை ஒரு ஆளை ஏத்தினால் ஆள் றோட்டிலை, எஞ்சின் மட்டும் ஆஸ்பத்திரியிலை" என்றேன். சம்மாட்டிக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே விளங்காதவர் போலே என்னைப் பார்த்தார். "வள்ளம் எண்டால் ஓட்டையாலை தண்ணி உள்ளுக்கு வரும் அண்ணை, பயப்பிட வேணும். இது றோட்டிலை ஓடுறது, ஓட்டை இருந்தால் தண்ணி கீழாலை போயிடுந்தானே!"

ஓலைக் கும்பத்துக்குள்ளே

எட்டு மாதம் ஆகிவிட்டது. கதிரவேலர் கதைக்கிறதைக் குறைத்துவிட்டார். அப்போதுதான் மட்டுவிலிலே ஒரு பிக்கப் இருக்குதாம் என்று கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்காரி யோகம்மா, நாற்பது வயது மட்டிலே. புருசன் வாடகைக்கு வாகனம் ஓடினவர், பின்னேரமானால் கள்ளு விடாதவர், இரண்டு வருசத்துக்கு முன்னே காலமாய்ப் போய்விட்டார். பிள்ளைகளோடு கிளாலிக் கடல் கடந்து, குடாநாட்டை விட்டே அங்காலே போய்விடப் போகிறாவாம். "வாகனம் எங்கை தங்கச்சி?" என்று கேட்டேன். பின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் குவித்து வைத்த ஒரு பனையோலைக் கும்பத்தைக் காட்டினா. நான் பகிடி என்று நினைத்தேன். அவ ஓலையை இழுத்து இழுத்துப் போட, உள்ளே ஒரு முழுப் பிக்கப் அடுக்கின கல்லுக்கு மேலே நின்றது. குண்டுக்கும் களவுக்கும் பயந்து மூடினது. ரயர்கள் வீட்டுக்குள்ளே கூரை வளையிலே தொங்கின. எஞ்சினுக்கு எண்ணெய் விசிறுகிற நொசில்கள் தேங்காயெண்ணெய் விட்ட போத்தலுக்குள்ளே கிடந்தன.

இரண்டு வருசம் ஓடாத எஞ்சின் பிடித்துப் போயிருக்கும், இரும்புக் கட்டிதான் என்று நினைத்து நட்டுச் சாவியை எஞ்சினைச் சுற்றுகிற முன் நட்டிலே போட்டேன். வெண்ணெய் போலே சுற்றினது! நான் அவவைத் திரும்பிப் பார்த்தேன். "ஒவ்வொரு வெள்ளியும் முழுகிப்போட்டு வந்து ஒரு சுத்துச் சுத்தி விடுவன் அண்ணை. அவர் வாடகை ஓட்டம் இல்லாத காலத்திலை அப்பிடித்தான் செய்யிறவர்" என்றா. நாங்கள் வெள்ளிக்கிழமையிலே சாமிக்கு விளக்கு வைப்போம். இந்த மனுசி ஓலைக் கும்பத்துக்குள்ளே ஊர்ந்து போய் ஒரு எஞ்சினைச் சுற்றி விட்டிருக்கிறா, ஒருவருக்கும் தெரியாமல்.

நொசிலைப் பூட்டி, ரயரைப் போட்டு, மண்ணெண்ணெய் கலந்து விட்டு, எண்ணெய்க் குழாயிலே நின்ற காற்றை எடுத்து, நான் சைக்கிளிலே கட்டிக்கொண்டு வந்த பற்றரியைக் கொழுவினேன். இருமினது. புகைத்தது. பிறகு கடகடவென்று பிடித்து ஓடினது. மூடி அசையவில்லை. சட்டம் மணி போலே சொன்னது. பனங்காட்டு ஒழுங்கையாலே ஒரு பெரிய சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னாலே விலை பேச இருந்தோம். எஞ்சின் ஓட ஓடப் பேசி, விலை முடிந்தால் வெற்றிலை எடுக்கிறது அந்த நாளிலே எங்கடை வழக்கம். பற்றரிக்குத் தட்டுப்பாடு. எழும்பின எஞ்சினை விலை முடிய முதல் நிப்பாட்டுகிறது அபசகுனம் போலே. வேண்டினவர் தன்ரை வீட்டுக்குப் போய்த்தான் நிப்பாட்டுவார்.

யோகம்மா வெற்றிலையைத் தொடவில்லை. "அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்றா. "ஏன் தங்கச்சி?" "நிப்பாட்டிப்போட்டு இப்ப, சூட்டோடை, திருப்பிப் போட்டுப் பாருங்கோ." நிப்பாட்டினேன். போட்டேன். சுற்றுது, சுற்றுது, எழும்பவில்லை. திரும்பவும் போட்டேன். இல்லை. அவ கிணற்றடியாலே ஒரு சாக்குத் துண்டை நனைத்துக்கொண்டு வந்து டீசல் பம்புக்கு மேலே போர்த்தினா. ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம் பொறுத்து, "இப்ப போடுங்கோ" என்றா. உடனே எழும்பினது. மண்ணெண்ணெய் குடித்துக் குடித்துப் பம்பு தேய்ந்திருக்கிறது. குளிரிலே பிடிக்கும், சூட்டிலே கைவிடும். அத்தனை வருசம் நாங்கள் எல்லாரும் பச்சைக் குளிரிலே எழுப்பிப் பார்த்துப் பார்த்துத் திரிந்தோம். ஓடின எஞ்சினை நிப்பாட்டக் கூடாது என்ற வழக்கத்துக்குள்ளே இப்படி ஒரு வருத்தம் எத்தனை வாகனத்திலே ஒளிந்திருந்ததோ!

"ஏன் தங்கச்சி இதைச் சொன்னனீர்? நாங்கள் கேக்கேல்லையே" என்றேன். "வழியிலை நிண்டால் என்னைத்தானே திட்டுவியள் அண்ணை. பதில் சொல்ல நான் இஞ்சை இருக்கமாட்டன்" என்றா. பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அன்றைக்கு அந்த முகத்தை நேரே பார்க்க ஏலவில்லை. இருந்தாலும் தொழில் தொழில்தானே. கதிரவேலரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், "வேண்டாம் அண்ணை. நிக்கக்கூடாது எண்டெல்லோ கேட்டனீங்கள்" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "மற்றவங்கள் ஒளிச்ச பழுது எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியாது மணியம். இதின்ரை பழுது எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும். வெத்திலையை எடும்."

மானிப்பாய் றோட்டிலே

கடைசிக் கிழமைகளிலே கதிரவேலர் வீட்டு விறாந்தையிலேதான் என்ரை பாய். பிக்கப் வாசலிலே, ஆகாயத்துக்குத் தெரியாமல் மேலே வேப்பங்குழை கட்டினபடி. சீற்றுக்குக் கீழே யோகம்மா சொன்ன மாதிரிச் சாக்குத் துண்டும் ஒரு போத்தல் தண்ணியும். ஒரு காலமை, சாப்பிட உட்காரும்போது பவளத்துக்கு வலி தொடங்கினது. பின்னாலே மெத்தை போட்டு அவளையும் தாயையும் ஏற்றினோம். கதிரவேலர் எனக்குப் பக்கத்திலே. பச்சைக் குளிரிலே தொட்ட உடனே எழும்பினது. சங்கானை தாண்டி, சண்டிலிப்பாய் தாண்டி, மானிப்பாய்க்குக் கிட்டப் போகும்போது றோட்டிலே போன சைக்கிள்காரர்கள் எல்லாரும் சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். "பொம்மர்! நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று கத்தினார்கள்.

குண்டு போடுகிற பிளேனை நாங்கள் பொம்மர் என்போம். டீசல் எஞ்சின் சத்தத்திலே அது எந்தப் பக்கத்தாலே வருகிறது என்று தெரியாது. அதனாலே மரத்துக்குக் கீழே ஒதுக்கி, எஞ்சினை நிப்பாட்டி, காதாலே பார்க்க வேண்டும். வேறொன்றுக்கும் நிப்பாட்டாத நாங்கள் அதுக்கு மட்டும் நிப்பாட்டுவோம். என்ரை கை தானாய்ப் போய் நிப்பாட்டிவிட்டது. பொம்மர் ஒரு வட்டம் அடித்துக் கடற்பக்கம் போனது. சனம் எழும்பி மண்ணைத் தட்டினது. நான் சாவியைத் திருப்பினேன். சுற்றுது, எழும்பவில்லை.

சாக்கு, தண்ணி என்று சீற்றுக்குக் கீழே கையை விட்டேன். சாக்கு இருந்தது. போத்தல் வெறும் போத்தல். பவளம் தாகம் என்று அழ, சங்கானையிலே தகப்பன்தான் ஜன்னலாலே எடுத்துக் குடுத்திருக்கிறார். பிள்ளை முழுவதையும் குடித்துவிட்டாள். கதிரவேலர் அந்தப் போத்தலைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் தண்ணி தேடி ஓடினேன். பக்கத்து வீட்டுப் படலை பூட்டியிருந்தது, சனம் பதுங்குகிற பங்கர்க் குழிக்குள்ளே. பின்னாலே பவளம் வலியிலே கத்துகிறாள். அப்போது எங்களுக்குப் பக்கத்து றோட்டோர வாய்க்காலுக்குள்ளே இருந்து ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். கரியரிலே ஒரு கான், ஈரச் சாக்குச் சுற்றியிருந்தது.

"தம்பி, உதிலை என்ன?" என்றார் கதிரவேலர். "கள்ளு, ஐயா." "குளிரோ?" "விடிய இறக்கினது ஐயா, நல்ல குளிர்." "தாரும்." கள்ளுக்காரர் கதிரவேலரின்ரை திருநீற்றையும் பார்த்தார், பின்னாலே கத்துகிற பிள்ளையையும் பார்த்தார். "ஐயா, பிள்ளை படுற பாட்டுக்குள்ளை இப்ப குடிக்கப் போறியளோ?" கதிரவேலர் கானை வேண்டிவிட்டார். வாழ்க்கையிலே கள்ளு விற்கிற தவறணை இருக்கிற ஒழுங்கையாலேயே போகாத மனுசன். ஒரு நிமிசம் கானைப் பிடித்துக்கொண்டு கல்லாய் நின்றார். "அப்பா, பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, ஊத்துங்கோ அப்பா!" என்று பின்னாலே இருந்து பவளம் கத்தினாள். ஊற்றினார். சாக்கைப் பம்பிலே போர்த்தி, தன்ரை கையாலே, அபிசேகம் செய்கிற மாதிரி மெல்ல மெல்ல ஊற்றினார். சூட்டிலே கள்ளு சீறி ஆவி பறந்தது. நான் ஏறி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

எழும்பினது. றோட்டிலே நின்ற சனம் எல்லாம் கை தட்டினது. கள்ளுக்காரர் பாதியான கானை வேண்டிக்கொண்டு, எஞ்சினையும் கானையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு காலமும் என்ரை கள்ளிலை ஆக்கள் விழுந்துதான் கண்டிருக்கிறன் ஐயா. ஒண்டு எழும்பினது இண்டைக்குத்தான்!"

ஆர் குடிச்சது

ஆஸ்பத்திரி வாசலிலே பவளத்தைத் தள்ளுவண்டியிலே ஏற்றின தாதி எங்களை ஒரு முறை மணந்து பார்த்தா. என்ரை சேட்டு முழுக்கக் கள்ளு. கதிரவேலரின்ரை வேட்டி முழுக்கக் கள்ளு, நெற்றி முழுக்கத் திருநீறு. "உங்களிலை ஆர் குடிச்சிருக்கிறது?" என்று அதட்டினா. "வாகனம், பிள்ளை" என்றேன். அவ வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனா.

கதிரவேலர் விறாந்தைத் தூணிலே சாய்ந்து நின்றார். இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. தண்ணி குடுத்தால் குடிக்கவில்லை. அந்தப் போத்தலைப் பிடித்த கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மத்தியானம் திரும்பினபோது உள்ளே ஒரு குழந்தை வீறிட்டுக் கத்தினது. எந்தக் குழந்தையோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதே தாதி கதவாலே தலையை நீட்டினா. முகத்திலே சிரிப்பு. "பெட்டைப் பிள்ளை. தாயும் சுகம். வெட்டி எடுக்கப் பிந்தியிருந்தால் கஷ்டமாம் எண்டு டாக்குத்தர் சொல்லுறார். அந்தக் குடிகார வாகனத்துக்கு ஒரு பூமாலை போட்டுவிடுங்கோ."

யோகம்மா சொன்னது

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு, கதிரவேலர் மட்டுவிலுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலிலே நின்றார். கடல் கடக்கிற நாள் பிந்திப் பிந்திப் போனதிலே யோகம்மா இன்னும் அங்கேதான் இருந்தா. பிக்கப்பிலேயே போனோம். ஒழுங்கையிலே எஞ்சின் சத்தம் கேட்டதுமே அவ படலைக்கு ஓடி வந்துவிட்டா. வந்தவ எங்களைப் பார்க்கவில்லை. பொனற்றிலே கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றா. சூடு பார்க்க வைத்த கை இல்லை அது.

கதிரவேலர் பேத்தி பிறந்த கதையைச் சொன்னார். நிப்பாட்டினது, எழும்பாதது, போத்தல் வெறுமையாய் இருந்தது எல்லாம் சொன்னார். கள்ளு இடத்துக்கு வந்தபோது மனுசன் கூச்சப்பட்டு என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லி முடித்தேன். யோகம்மா சீலைத் தலைப்பாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சிரித்துச் சிரித்துக் கண்ணாலே தண்ணி ஓடினது. அது சிரிப்புத் தண்ணியோ மற்றதோ என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துப்போட்டுப் பொனற்றிலே ஒரு தட்டுத் தட்டிச் சொன்னா: "அவர் ஓட்டின வாகனம்தானே அண்ணை, பச்சைத் தண்ணிக்கு எத்தினை நாளைக்கு எழும்பும்!"

ஆகையாலே, பழைய டீசல் பிக்கப் வேண்டப் போகிற என்ரை சனமே, பொனற்றைத் தொட்டு, மூடியைக் கவிழ்த்து, சட்டத்தைத் தட்டி, சூட்டிலேயும் ஒருக்கா எழுப்பிப் பார்த்த பிறகு, விற்கிறவர் தன்ரை வாயாலே ஒரு பழுதெண்டாலும் சொல்லுகிறாரோ என்று பாருங்கோ. ஒன்றுமே சொல்லாவிட்டால், அந்த வீட்டுப் பூனை எங்கே படுத்திருக்குது என்று பாருங்கோ.